மீந்த சவர்டோ மாவில் பீட்சா: காரைக்குடி வெயிலுக்கு ஏற்ற அளவும் பக்குவமும்

சவர்டோ, அதாவது கடை ஈஸ்ட் இல்லாமல் புளித்த மாவில் செய்யும் ரொட்டி, போடப் பழகிய வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு டப்பா நிரந்தரமாக இடம் பிடித்திருக்கும். ஸ்டார்ட்டர் எனும் புளித்த தாய்மாவுக்குப் புது மைதாவும் தண்ணீரும் தீனி போடும்போதெல்லாம் எடுத்து ஒதுக்கிய மாவு அதில் சேர்ந்துகொண்டே வரும். கணக்கு எளிது. 50 கிராம் ஸ்டார்ட்டருக்கு 50 கிராம் மைதா, 50 கிராம் தண்ணீர் என்றால் மொத்தம் 150 கிராம். மறுநாள் அத்தனையையும் வைத்துக்கொண்டு அதே விகிதத்தில் தீனி போட்டால் 450, அதற்கடுத்த நாள் 1,350. அதனால்தான் 50 கிராமை நிறுத்திக்கொண்டு மீதி 100 கிராமை எடுத்துவிடுகிறோம். கொட்ட மனசு வராத அந்த மாவைத் தோசையில் கலக்கலாம், பக்கோடாவில் சேர்க்கலாம். ஆனால் அதன் புளிப்பு முழுசாக வேலைக்கு ஆவது பீட்சாவில்தான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். மீந்த மாவில் ருசி இருக்கிறது, தெம்பு இல்லை. தீனி போட்டு நான்கைந்து மணி நேரத்தில் பொங்கி நிற்கும் ஸ்டார்ட்டர் வேறு. பொங்கி, அமுங்கி, குளிரில் நாலு நாள் கிடந்த மாவு வேறு. அதில் ஈஸ்ட் பசியில் சோர்ந்திருக்கும். அமிலம் மட்டும் ஏறியிருக்கும். அதை நம்பி மட்டும் மாவு பிசைந்தால் எப்போது உப்பும் என்று சொல்ல முடியாது. எனவே கொஞ்சம் கடை ஈஸ்ட்டையும் சேர்த்துக்கொள்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இட்லி மாவு புளிக்க வைத்துப் பழகிய கைக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். சித்திரையில் சீக்கிரம் பொங்கும், மார்கழியில் மசமசவென்று நிற்கும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மறக்க வேண்டியது மறு பாதி. இட்லி மாவில் காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. கொஞ்சம் கூடுதலாகப் புளித்தாலும் தோசையாகவோ குழிப்பணியாரமாகவோ ஊற்றித் தப்பித்துவிடலாம். கோதுமை மாவில் காற்றைப் பிடிப்பது குளூட்டன் என்கிற புரதப் பின்னல். புளிப்பு ஏற ஏற, மாவில் இருக்கும் நொதிகள் அந்தப் பின்னலை அறுக்கத் தொடங்கும். அளவுக்கு மேல் புளித்த பீட்சா மாவு கையில் ஒட்டி, பலகையில் வழிந்து, ஊத்தப்பம் போலப் படுத்துவிடும்.

மீந்த மாவு உபயோகப்படுமா?

டப்பாவைத் திறந்ததும் மோர் வாடையோ, பழுத்த ஆப்பிள் வாடையோ, லேசாகக் கள் வாடையோ வந்தால் நல்லது. மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் மிதந்தால் பயப்பட வேண்டாம். அது நுண்ணுயிர்கள் விட்ட ஆல்கஹால் கலந்த நீர், வடித்துவிடலாம். நகப்பூச்சு வாடை தூக்கலாக அடித்தால் மாவு வெகுநாள் பசியில் கிடந்திருக்கிறது என்று பொருள். அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்பு, ஆரஞ்சுக் கோடு, பூஞ்சை ஆகியவற்றில் எது கண்ணில் பட்டாலும் டப்பா முழுவதையும் கொட்டிவிட வேண்டும். மேலே வழித்து எடுத்துவிட்டு அடியில் இருப்பதை உபயோகிப்பது ஆபத்து.

மூன்று நாளுக்குள் இருக்கும் மாவு சிறப்பு. ஒரு வாரம் வரை கவலையில்லை. இரண்டு வாரம் ஆனதென்றால் கீழே சொல்லும் 150 கிராமுக்குப் பதில் 75 கிராம் மட்டும் எடுத்து, குறைந்த பங்கை 37 கிராம் மைதா, 37 மில்லி தண்ணீரால் ஈடுகட்டுங்கள். டப்பாவை எப்போதும் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் மாவு வெந்து கண்ணாடியில் பசையாக ஒட்டிக்கொள்ளும்.

அளவு

இது 25 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பீட்சாவுக்கு. தோசைக்கல்லில் போடுவதானால் சிறிதாக மூன்று வரும்.

மீந்த மாவு 150 கிராம் (சம எடை மைதாவும் தண்ணீரும் கொண்டது)
மைதா 250 கிராம்
தண்ணீர் 120 மில்லி
உப்பு 7 கிராம் (தூள் உப்பானால் ஒரு டீஸ்பூனும் ஒரு சிட்டிகையும்)
சர்க்கரை 4 கிராம் (ஒரு டீஸ்பூன்)
எண்ணெய் 10 கிராம் (இரண்டு டீஸ்பூன்)
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம் (அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல்)

மீந்த மாவில் இருக்கும் 75 கிராம் மைதாவையும் சேர்த்தால் மொத்த மாவு 325 கிராம். அதேபோலத் தண்ணீர் 195. அதாவது மாவின் எடையில் 60 சதவீதம். நம் ஊர் மைதாவுக்கு இது பாந்தமான அளவு. இத்தாலிய மாவுக்குச் சொன்ன 65, 70 சதவீதக் கணக்கை அப்படியே இங்கே எடுத்து வந்தால் கையெல்லாம் பசையாகிவிடும். எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று அவசியம். டம்ளர் கணக்கில் மைதாவை அமுக்கி அளந்தால் ஒரே டம்ளரில் 20, 30 கிராம் கூடிவிடும்.

மைதா பாக்கெட்டின் பின்னால் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். 10 கிராமோ அதற்கு மேலோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கோதுமை மாவு சேர்க்க ஆசைப்பட்டால் கால் பங்குக்கு மேல் வேண்டாம். அதிலுள்ள தவிடு குளூட்டன் பின்னலைக் கீறிவிடும், தண்ணீரையும் அதிகம் இழுக்கும். 15 மில்லி கூட்டிக்கொள்ளுங்கள். கல் உப்பு மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றால், 120 மில்லியிலிருந்தே ஒரு கரண்டித் தண்ணீர் எடுத்து அதில் முழுக்கக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா மாவில் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ப்பதில்லை. அங்கே விறகு அடுப்பின் சூடு 430 டிகிரிக்கு மேல் போகும், பீட்சா 60 முதல் 90 விநாடியில் வெந்துவிடும். நம் வீட்டு ஓவன் 250 டிகிரியில் நின்றுவிடும். பத்து நிமிடம் வேகும் மாவு காய்ந்துபோகாமல் இருக்க எண்ணெய் வேண்டும். சர்க்கரை நிறத்துக்கு. மீந்த மாவில் இருந்த இனிப்பை நுண்ணுயிர்கள் ஏற்கெனவே தின்று தீர்த்துவிட்டன. புளிப்பும் மாவு சிவப்பதைத் தாமதப்படுத்தும். அந்த ஒரு டீஸ்பூனை விட்டுவிட்டால் ஓரம் வெந்தும் வெளிறியே இருக்கும்.

வெயிலும் தண்ணீரும்

புதிதாகச் செய்பவர்கள் செட்டிநாட்டுக் கோடையில் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். பிசைந்து முடித்த மாவு 26, 27 டிகிரியில் இருந்தால் அது நிதானமாக உப்பும், ருசியும் வரும். மே மாதம் பிற்பகலில் கான்கிரீட் கூரை போட்ட அடுப்படியில் மைதாவே 36 டிகிரியில் இருக்கும். அதில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் மாவு தொடக்கத்திலேயே சூடாகி, முக்கால் மணியில் பொங்கி வழியும். உப்பியிருக்கும், ஆனால் வெறும் ஈஸ்ட் வாடைதான் வரும்.

இதற்கு எளிய வழி உண்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மீந்த மாவே ஒரு பனிக்கட்டிதான். 150 கிராம் சில்லென்ற மாவு 250 கிராம் சூடான மைதாவைக் குளிர்விக்கப் போதும். அப்போது சாதாரணத் தண்ணீரையே ஊற்றலாம். மீந்த மாவை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டில் ஒன்று குளிர்ந்திருந்தால் சரி. இரண்டும் குளிர்ந்திருந்தால் மாவு விறைத்து, முதல் ஒரு மணி நேரம் அசையவே அசையாது. மார்கழிக் காலையில் மட்டும் தண்ணீரை லேசாக வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி. வெளியே அனல் பறந்தாலும், தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உள்ள உள்ளறை பல டிகிரி குறைவாகவே இருக்கும். மாவுப் பாத்திரத்தை அடுப்படியில் விடாமல் அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

பிசைவது

அகலப் பாத்திரத்தில் மீந்த மாவையும் தண்ணீரையும் ஊற்றி விரலால் கரையுங்கள். கட்டி இரண்டொன்று இருந்தாலும் பரவாயில்லை. சர்க்கரை, ஈஸ்ட், பிறகு மைதா. காய்ந்த மாவு கண்ணில் படாத அளவுக்குக் கலந்தால் போதும். இப்போது அது சொரசொரவென்றுதான் இருக்கும். மூடி 20 நிமிடம் விடுங்கள். இந்த இடைவெளியில் மைதா தண்ணீரைக் குடித்து, குளூட்டன் தானாகவே பின்னத் தொடங்கும். பிசையும் வேலை பாதி மிச்சம்.

அதன் பிறகுதான் உப்பும் எண்ணெயும். எண்ணெயை முதலிலேயே ஊற்றினால் மைதாத் துகளைச் சுற்றிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது. இனி 8 முதல் 10 நிமிடம் உள்ளங்கை அடியால் தள்ளி, மடித்து, திருப்பிப் பிசையுங்கள். முதல் மூன்று நிமிடம் ஒட்டத்தான் செய்யும். அந்த நேரத்தில் எல்லோருக்கும் மைதா டப்பாவின் மேல் கை போகும், போகக் கூடாது. நாலு பிடி மைதா சேர்ந்தால் பீட்சா வறட்டி மாதிரி ஆகிவிடும். கையை மட்டும் லேசாக ஈரமாக்கிக்கொண்டு தொடருங்கள். பரோட்டா மாவு பிசைந்து பழகியவர்கள் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவார்கள், அதுவும் இங்கே வேண்டாம்.

பதம் பார்க்க எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெல்ல இழுத்து விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக விரிந்தால் போதும். உடனே அறுந்தால் இன்னும் மூன்று நிமிடம் பிசையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பழைய மாவைச் சேர்த்தவர்கள் இவ்வளவு பிசைய வேண்டியதில்லை. ஏற்கெனவே வலு குறைந்த பின்னல் அது. நான்கு நிமிடம் பிசைந்துவிட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாலு பக்கமும் இழுத்து மடித்து வைப்பதை மூன்று தடவை செய்தால் வலு வந்துவிடும்.

உப்ப வைப்பது

எண்ணெய் தடவிய, நேரான சுவருள்ள டப்பாவில் மாவை வைத்து, அதன் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். அடுப்படி 36 டிகிரியில் இருந்தால் 50 முதல் 60 நிமிடம், 30 டிகிரியில் ஒன்றே கால் முதல் ஒன்றரை மணி, மார்கழி மாதிரி 24 டிகிரியில் இரண்டரை மணி வரை ஆகும். கடிகாரத்தைவிட ரப்பர் பேண்ட் நம்பகமானது. மாவு முக்கால் பங்கு ஏறினால் போதும், இரண்டு மடங்கு ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். மைதாவில் தோய்த்த விரலால் குத்திப் பாருங்கள். குழி மெதுவாக, பாதி மட்டும் மேலே வந்தால் சரியான பதம். உடனே எம்பி வந்தால் பொறுக்க வேண்டும். அப்படியே கிடந்தால் தாமதித்துவிட்டீர்கள். உருண்டை பிடித்துப் பத்தே நிமிடம் விட்டு உடனே தட்டிவிடுங்கள்.

பிறகு 270 கிராம் வீதம் இரண்டாகவோ, 180 வீதம் மூன்றாகவோ பிரியுங்கள். ஓரங்களை அடியில் இழுத்துச் செருகி, மேல்தோல் இறுக்கமாக இருக்கும்படி உருட்டி, மூடி வையுங்கள். அரை மணி நேரம் போதும்.

இதற்குமேல் ருசி வேண்டுமென்றால், இரவே உருண்டை பிடித்து எண்ணெய் தடவிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் மாலை எடுங்கள். கோடையில் முக்கால் மணி முன்னால் வெளியே எடுத்தால் சரி. புது மாவானால் 48 மணி நேரம் தாங்கும்; பழைய மாவு கலந்தது 24 மணிக்கு மேல் தாங்காது. நடுவில் மின்சாரம் போனால் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள். இரண்டு மூன்று மணிக்கு மேல் வராவிட்டால் அன்றைக்கே சுட்டுவிடுவது நல்லது.

ஈஸ்ட்டே போடாமல் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும், மீந்த மாவு ஒன்றிரண்டு நாளுக்குள் எடுத்ததாக இருந்தால். உப்ப 5 முதல் 7 மணி நேரம் ஆகும், ஓரம் கொஞ்சம் இறுகலாக வரும். முதல் முறையிலேயே இதில் இறங்க வேண்டாம்.

தட்டுவது

சப்பாத்திக் கட்டையை எடுக்காதீர்கள். இரண்டு மணி நேரம் பொறுத்திருந்து சேர்த்த காற்றை ஒரே உருட்டில் வெளியேற்றிவிடும். பலகையில் மைதாவும் பம்பாய் ரவையும் தூவி, உருண்டையை வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விரல் நுனியால் அமுக்குங்கள். ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் இடத்தைத் தொடவே வேண்டாம். அதுதான் வேகும்போது எழும்பி நிற்கும் கரை. பிறகு மடக்கிய இரண்டு கைகளின் விரல் முட்டிகள் மேல் போட்டுச் சுற்றிச் சுற்றி இழுத்தால் 25 சென்டிமீட்டருக்கு விரியும். சுருங்கிச் சுருங்கிப் போனால் மாவு களைப்பில் இறுகியிருக்கிறது. மூடி 10 நிமிடம் விட்டுவிட்டு மறுபடி இழுங்கள், சொன்னபடி கேட்கும்.

சூடு எதில்?

ஓ.டி.ஜி. எனும் சிறிய மின்சார ஓவன் இருந்தால் கைப்பிடி இல்லாத கனமான இரும்புத் தோசைக்கல்லை உள்ளே வைத்து 250 டிகிரியில் 35 நிமிடமாவது காய விடுங்கள். சூடேறியதைக் காட்டும் ஓவன் விளக்கு அணைந்ததுமே பீட்சாவைத் தள்ளிவிடுகிறோம், அங்கேதான் அடிப்பக்கம் சொதசொதவென்று ஆகிறது. காற்று சூடாகியிருக்கும், இரும்பு சூடாகியிருக்காது. தக்காளிச் சாறு மட்டும் தடவி நான்கு நிமிடம் சுட்டு எடுத்து, சீஸும் மற்றதும் போட்டு மறுபடி ஐந்தாறு நிமிடம். கடைசி இரண்டு நிமிடம் மேல் கம்பி மட்டும் எரியட்டும்.

பீட்சாக் கல் கிடைக்கவில்லையே என்று வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஆத்தங்குடிக் கல்லை ஓவனில் வைக்க யாருக்காவது யோசனை வந்தால், அதை இப்போதே விட்டுவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் சேர்த்துச் செய்து, தண்ணீரில் ஊற வைத்துக் காய வைப்பது. 250 டிகிரியில் விரிசல் விடும், நிறப்பொடி சாப்பாட்டில் சேரும். அதேபோல காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிய, எனாமல் பூசிய பழைய மங்குத் தட்டும் வேண்டாம். எனாமல் ஓவன் சூட்டைத் தாங்கும், உண்மைதான். ஆனால் பழைய வண்ணப் பூச்சுகளில் ஈயமோ காட்மியமோ இருக்க வாய்ப்புண்டு, அதுவும் தக்காளிப் புளிப்பு படும் இடத்தில். பரிமாறும்போது அடியில் தாள் விரித்து வைக்க மட்டும் எடுக்கலாம். மணலோ உப்போ போட்டுக் குக்கரில் கேக் செய்யும் முறையும் பீட்சாவுக்குச் சரிவராது. மேல்பக்கம் சிவக்கப் போதுமான சூடு அதில் ஏறாது.

ஓவன் இல்லாதவர்களுக்கு அடுப்பில் தோசைக்கல்லே போதும். 180 கிராம் உருண்டையை 20 சென்டிமீட்டருக்கு, அடை கனத்தில் தட்டிக்கொள்ளுங்கள். தெளித்த தண்ணீர் முத்தாக உருண்டு ஓடும் அளவுக்குக் கல் காய்ந்ததும் மாவைப் போட்டு, நடுத்தரத் தீயில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். மேலே கொப்புளம் கிளம்பும். திருப்பிப் போட்டு உடனே தீயைக் குறைத்து, சிவந்த பக்கத்தின் மேல் சாறு, சீஸ் என்று பரப்பி, உயரமான மூடியால் மூடுங்கள். மூடியை முன்கூட்டியே இன்னொரு அடுப்பில் சூடாக்கி வைத்திருந்தால் சீஸ் நான்கு நிமிடத்தில் உருகும். இல்லாவிட்டால் சீஸ் உருகுவதற்குள் அடி கருகிவிடும். கடைசி ஒரு நிமிடம் மூடியைச் சற்று விலக்கி வைத்து ஆவியை வெளியே விடுங்கள், இல்லையேல் மூடியில் கோத்த தண்ணீர் சீஸ் மேல் சொட்டும்.

மேலே போடுவது

புளித்த மாவோடு நாட்டுத் தக்காளியும் சேர்ந்தால் புளிப்பு தூக்கிவிடும். பெங்களூர்த் தக்காளியைத் துருவி, உப்புப் போட்டு, வடிகட்டியில் 15 நிமிடம் வைத்துத் தண்ணீரை இறக்கிவிட்டு, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டால் போதும். வேக வைக்க வேண்டாம். ஒரு பீட்சாவுக்கு 60 கிராம் சாறு, 80 கிராம் மொசரெல்லா சீஸ், மற்றவை 60 கிராம். இதற்கு மேல் ஏற்றினால் நடுப்பகுதி வேகாது.

செட்டிநாட்டு அடுப்படியில் இதற்கென்றே செய்தது போல இருப்பது உப்புக்கறிதான். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் சுருண்டு, குழம்பே இல்லாமல் எண்ணெய் பிரிந்து நிற்கும் கறி. எண்ணெயை வடித்து, சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போடுங்கள். கறியிலும் சீஸிலும் உப்பு இருப்பதால் தக்காளிச் சாற்றில் உப்பை அளவோடு போட வேண்டும். கோழி வறுவல் போடுவதானால் கல்பாசியும் சோம்பும் தூக்கலாக இருக்கும் அதற்கு வெங்காயம் மட்டும் துணை போதும். குடைமிளகாய், சோளம் என்று அடுக்காதீர்கள். கத்திரிக்காய், காளான் போன்றவற்றை முதலில் வதக்கித் தண்ணீர் சுண்டிய பிறகே மேலே போட வேண்டும். பன்னீர் உருகாது, மொசரெல்லாவோடு கூடப் போடலாம்.

கெட்டுப்போனால்

கரை பிஸ்கட் மாதிரி கடினமாக வந்தால் சூடு குறைவு, நேரம் அதிகம்; அல்லது பிசையும்போது மைதா சேர்த்திருப்பீர்கள். சாறுக்கு அடியில் வெள்ளைப் பசையாக ஒரு கோடு தெரிந்தால் சாறு நீர்த்திருக்கிறது, அல்லது கல் காயவில்லை. புளிப்பு நாக்கைக் கடித்தால் அடுத்த முறை மீந்த மாவை 100 கிராமாகக் குறைத்து, 25 கிராம் மைதாவும் 25 மில்லி தண்ணீரும் கூட்டுங்கள். புளிப்பை முறிக்கச் சோடா உப்புப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு வாடைதான் மிஞ்சும். மாவு வழிந்து, உருண்டையாக நிற்கவே மறுத்தால் பீட்சா ஆசையை விட்டுவிட்டு, எண்ணெய் தாராளமாக ஊற்றிய தட்டில் பரப்பி, விரலால் குழி குத்தி, உப்பும் பூண்டும் தூவி 220 டிகிரியில் 20 நிமிடம் சுடுங்கள். இத்தாலிக்காரர்கள் ஃபொக்காச்சியா என்று சொல்லும் ரொட்டிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

மிஞ்சிய துண்டுகளை மைக்ரோவேவில் சூடு பண்ணினால் தோலாக இழுக்கும். தோசைக்கல்லில் சிறு தீயில் மூடி மூன்று நிமிடம் வையுங்கள். சுடாத உருண்டை ஒன்று மிஞ்சினால் 20 கிராம் வீதம் குட்டி உருண்டைகளாக்கி, எண்ணெய் விட்ட பணியாரச் சட்டியில் 15 நிமிடம் ஊறவிட்டு, மூடி, மிகச் சிறு தீயில் பக்கத்துக்கு நான்கு நிமிடம். எடுத்த சூட்டோடு நசுக்கிய பூண்டு கலந்த நெய்யில் புரட்டிவிடுங்கள்.